காசுக்கும் முகம் திருத்திய எல்சி அக்கா

எங்கள் உப்புவெளியில் கல்யாணம் முடித்த பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு முகம். ஒன்று ஆண்டவர் கொடுத்தது. மற்றது எல்சி அக்கா கொடுத்தது. சுவரில் தொங்குவது எப்போதும் இரண்டாவதுதான். என் கல்யாண அல்பத்தை முதன்முதல் புரட்டிய என் மாமியார், "உது ஆர் பிள்ளை, உன்ர தங்கச்சியோ?" என்று கேட்டவர். எனக்கு வந்த கோபத்தில் நேரே எல்சி அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "உனக்கு இல்லாத தங்கச்சியை நான் பெத்துத் தந்திருக்கிறன், நன்றி சொல்லு" என்றார்.

நான் தினுஷா. பிரதான வீதியில் போட்டோக்கொப்பியும் கணினித் தட்டச்சும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. எல்சி அக்காவின் ஸ்ரூடியோவுக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பதினொரு வருடமாக அவர் தும்மினால் நான் கேட்பேன், நான் யாரையாவது ஏசினால் அவர் கேட்பார். அவர் தும்முவதைவிட நான் ஏசுவது அதிகம் என்பது அவருடைய முறைப்பாடு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

எல்சி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் பேணாட் அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பத்தொன்பது வயதில் டவுனில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அக்காவுக்கு ஒரே வேலைதான், முகம் திருத்துவது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் முகத்துப் பரு வெறுமையான புள்ளியாகத் தெரியுமாம். கூராகச் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்பிவிட்டால் கடதாசியில் பரு இருக்காது. ஒரு முகத்துக்கு நூறு புள்ளி என்றாலும் அலுக்காமல் குந்தியிருந்து நிரப்பியவர். இப்போது பென்சிலின் இடத்தில் கணினி. கை மட்டும் அதே கை.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, வெளிச்சம் முன்னாலிருந்துதான் வரவேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் குடை விளக்கு வைத்து, முகத்தில் நிழல் என்பதே இல்லாமல் செய்துவிடுவார். "பக்கத்தால வாற வெளிச்சம் கோள்மூட்டி. முகத்தில எத்தினை குழி, எத்தினை திட்டி எண்டு ஊருக்கே எண்ணிச் சொல்லிப்போடும்" என்பார். இரண்டாவது சட்டம் அவருக்கு வேதவாக்கு. திருத்தி முடிந்ததும் திருத்தாத படத்தை அழித்துவிடுவார். "என்னை நம்பி வந்து இருந்தவையின்ர பழைய முகம் என்ர கொம்பியூட்டரில கிடக்கப்படாது. நாளைக்கு ஆரும் கண்டால் அது துரோகம்."

இந்தச் சட்டங்களால் வம்பு வராமலும் இல்லை. ஒருமுறை ஒரு ஐயாவின் கடவுச்சீட்டுப் படத்தில் மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டார். ஆளுக்கும் படத்துக்கும் பொருத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐயா வந்து வாசலில் நின்று கத்தினார். பழைய படம்தான் இல்லையே. "அதுக்கென்ன, மச்சத்தைத் திரும்ப வைச்சு விடுறன்" என்று அக்கா உட்கார்ந்து, நல்ல வடிவான மச்சம் ஒன்றை மூக்கின் மற்றப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு நான் கடையைச் சாத்திவிட்டுச் சிரித்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஹுஸ்னியா டீச்சரை நான் அனுப்பினேன். அந்தப் பாவம் என்னுடையது.

அது ஒரு சனிக்கிழமை. குறிஞ்சாக்கேணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற ஹுஸ்னியா டீச்சர், கிண்ணியா பஸ்ஸில் வந்து இறங்கி, வியர்க்க விறுவிறுக்க என் கடைக்குள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கைப்பைக்குள் இருந்து ஒரு நகைப்பெட்டியை எடுத்தார். பஞ்சுக்குள் ஐந்து செப்பு வட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் நம்முடைய இரண்டு ரூபாய்க் குற்றியைவிடச் சிறியது. பச்சை பிடித்து, ஓரம் கொஞ்சம் கடிபட்டுக் கிடந்தன.

பள்ளிக்கூடத்துப் பின்வேலியோரம் முருங்கை நடுவதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கிடங்கு வெட்டியிருக்கிறார்கள். மூன்றாவது கிடங்கில் இந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. யார் எதை எடுப்பது என்று பிள்ளைகள் சண்டை. டீச்சர் எல்லாவற்றையும் வாங்கி அதிபரிடம் கொடுத்து, முறைப்படி தொல்பொருள் திணைக்களத்துக்கும் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அதுவரைக்கும் என்று அதிபரிடம் கேட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

"பிள்ளைகள் தாறதுக்கு மனமில்லாமத்தான் தந்தாங்க" என்றார் டீச்சர். "நான் ஒரு வாக்குக் குடுத்துட்டன். இது ஒங்கட கையை விட்டுப் போக முன்னுக்கு இது ஆர்ட காசு, என்ன பேர் எண்டு கண்டுபுடிச்சிச் சொல்லுவன் எண்டு. அதை நம்பித்தான் தந்தாங்க. போன பொறகு எப்ப, எங்க பார்க்கப் போறாங்க? பேரையாவது சொல்லித்தான் அனுப்பணும்."

முகநூலில் பழைய காசுகளை அடையாளம் காண உதவுகிற ஒரு குழு இருக்கிறது. டீச்சர் தன் போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களை அதில் போட்டிருக்கிறார். படத்தில் காசு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பளீர் மட்டும் இருந்தது. 'தெளிவான படம் போடுங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கிடையில் பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபர், "இது காசும் இல்ல கத்தரிக்காயும் இல்ல, மெசினுக்குப் போடுற வோஷர்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

எனக்கு டீச்சரைப் பிடித்துப்போயிற்று. ஒரு சொல்லுக்காக இவ்வளவு தூரம் வருகிற ஆள். "தெளிவான படம்தானே? பக்கத்தில வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

எல்சி அக்கா முதலாவது காசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கத்தில் ஒருவர் நிற்கிறார், மறுபக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"ஐயோ ஆண்டவரே, இதை ஆர் கீறினது? தலை எங்க, கை எங்க எண்டே தெரியேல்லையே. முகமெல்லாம் ஒரே பரு" என்றார். "யோசிக்காதேங்கோ டீச்சர். நான் வடிவா எடுத்துத் தாறன்."

கறுப்பு வெல்வெட் துணியை விரித்தார். இரண்டு குடை விளக்கையும் கிட்டக் கொண்டுவந்தார். பத்துப் படம் எடுத்தார். பிறகு கணினிக்கு முன்னால் குந்தினவர், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. நாலு மணிக்கு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உண்மையைச் சொல்லவேண்டும், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பச்சை எல்லாம் போய் ஐந்து காசும் பொன்னிறமாக மினுங்கின. கடிபட்ட ஓரங்கள் நல்ல வட்டமாகியிருந்தன. பின்னால் பால் வெள்ளை. நிற்கிற உருவத்துக்கு இப்போது தலை எது, கை எது என்று சந்தேகமே இல்லை. ஹுஸ்னியா டீச்சர், "மாஷா அல்லாஹ்" என்றார். என் கடைக் கணினியில் இருந்து நானே அந்தப் படங்களைக் குழுவில் போட்டேன். டீச்சர் காசுகளைப் பஞ்சுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு சந்தோசமாகப் பஸ் ஏறினார். நாங்கள் மூன்று பேரும் மடைச்சிகள்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து முகநூலைப் பார்த்தால் பதின்மூன்று பதில்கள். முதலாவது, 'வடிவான பொத்தான். எந்தக் கடையில் வாங்கலாம்?' மற்றவை அதைவிட மோசம். ஒன்று மட்டும் மரியாதையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய காசுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற யதுர்சன் என்பவர் எழுதியிருந்தார். 'இவை பழைய காசுகளாக இருக்க முடியாது. இந்த வகைக் காசில் நிற்கும் உருவத்துக்குப் பக்கத்தில் ஐந்து புள்ளிகள் இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் உருவத்தின் கைக்குப் பக்கத்தில் வெளியிட்டவரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. யாரோ அண்மையில் செய்த போலி.'

வாசித்து முடிக்கவில்லை, டீச்சரின் அழைப்பு வந்தது. பிரதி அதிபர் அந்தப் பொத்தான் கதையை ஆசிரியர் அறையில் உரத்து வாசித்திருக்கிறார். அது வகுப்பு வரைக்கும் போய்விட்டது.

"பிள்ளைகள் ஒண்டும் கேக்கல்ல தினுஷா" என்றார் டீச்சர். "கேட்டாலும் பரவாயில்ல. சும்மா என்ட முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஆக்கள் வருவாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

நான் போனை வைத்துவிட்டுப் பலகைச் சுவரைத் தாண்டிப் போனேன். எல்சி அக்கா அப்போதுதான் மாதாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். யதுர்சன் எழுதியதைச் சத்தமாக வாசித்தேன். புள்ளி என்ற சொல்லுக்கு வந்ததும் அவர் திரும்பினார். எழுத்து என்ற சொல்லுக்கு வந்ததும் கதிரையில் இருந்துவிட்டார்.

"அஞ்சு புள்ளியும் இருந்தது" என்றார் மெல்ல.

"இருந்ததோ?"

"பரு எண்டு நினைச்சனடி. நல்லா எழும்பி நிண்டது. ஒவ்வொண்டா எடுத்தனான். மற்றப் பக்கத்தில கைக்குப் பக்கத்தில கறை மாதிரிச் சுருள் சுருளா என்னவோ கிடந்தது. அதைத்தான் எடுக்கக் கனநேரம் பிடிச்சது."

"ஒறிஜினல் படம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"அழிச்சிட்டன்."

எனக்கு அந்த நேரம் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. "மனிசற்ற முகத்தைக் கெடுத்தது காணாதெண்டு எத்தினையோ நூறு வருசத்துக் காசின்ர முகத்தையும் கெடுத்துப்போட்டியளே!" என்று கத்திவிட்டேன். எல்சி அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு எழும்பி, "அந்தத் தம்பியைப் போனில பிடி. நான் கதைக்கிறன். பிழை என்ர" என்றார்.

குழுவில் செய்தி அனுப்பி, நம்பர் வாங்கி, யதுர்சனைப் பிடித்துக் கொடுத்தேன். அக்கா நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார், பருக் கதை உட்பட. மறுமுனையில் அந்தத் தம்பி சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது. சிரித்து முடிந்ததும் அவருக்கே ஆவல் பிடித்துக்கொண்டது. "அக்கா, அப்ப அதில உண்மையாவே எழுத்து இருந்ததோ? சுருள் சுருளாவோ?"

"ஓம் தம்பி. இந்தக் கையாலதான் அழிச்சனான்."

"காசில இருக்குத்தானே, படத்தில இருந்துதானே போனது. திரும்ப எடுங்கோ. கழுவாதேங்கோ, தேய்க்காதேங்கோ. அளவு தெரியிறதுக்குப் பக்கத்தில ஒரு அடிமட்டத்தை வையுங்கோ. ரெண்டு பக்கமும் வேணும். வெளிச்சம் முன்னால விழப்படாது, ஒரு பக்கத்தால, நல்லாச் சரிவா விழவேணும். அப்பத்தான் எழுத்தின்ர நிழல் தெரியும். எடுத்த பிறகு படத்தில ஒரு விரலும் வைக்காமல் அப்பிடியே அனுப்புங்கோ. நாளைக்குக் காலமை நான் ஃபோனைக் கையிலயே வைச்சிருப்பன்."

அக்கா போனைத் திருப்பித் தந்துவிட்டுக் குடை விளக்குகளைப் பார்த்தார். "முப்பத்தேழு வருசம், தினுஷா. ஒரு சீவனுக்கும் பக்கத்தால வெளிச்சம் போட்டதில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கிண்ணியாவில் இறங்கி, ஓட்டோ எடுத்து, ஏழரைக்கெல்லாம் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். எல்சி அக்கா கமராப் பையோடு, ஸ்ரூடியோவில் ஆட்கள் தலை சீவுகிற கைக்கண்ணாடி, சீப்பு எல்லாவற்றையும் பழக்கத்தில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். "காசுக்குத் தலை சீவப் போறியளோ?" என்றேன். முதல் நாள் கத்தியதற்குப் பிறகு நான் பேசிய முதல் பகிடி அது. அவர் சிரித்துக்கொண்டு சீப்பால் என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எட்டாம் வகுப்பு அறைக்குக் கிழக்குப் பக்கம் யன்னல். காலை வெயில் சரிந்து உள்ளே வந்து ஒரு மேசையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதிபர் அலுமாரியைத் திறந்து பெட்டியைத் தந்தார். பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் நீள வாங்குகளில் சத்தமில்லாமல் இருந்தார்கள். ஒரு வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஹுஸ்னியா டீச்சர் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. "செய்யுங்க அக்கா" என்றார்.

எல்சி அக்கா சாம்பல் நிற மட்டையை மேசையில் வைத்து, அதில் முதலாவது காசையும் அடிமட்டத்தையும் வைத்தார். பிறகு பழக்கதோசத்தில் காசை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து எடுத்தார். கமராத் திரையில் ஒரு பச்சை வட்டு. அவ்வளவுதான். பின்வரிசை வாங்கில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"பொறு" என்றார் அக்கா, தனக்குத்தானே. காசை மட்டையில் படுக்கவைத்து, மேசையின் ஓரத்துக்கு, வெயில் கிட்டத்தட்ட மேசையோடு படுத்துக்கொண்டு வருகிற இடத்துக்கு நகர்த்தினார். ஒரு அங்குலம். இன்னும் அரை அங்குலம்.

அப்போது காசில் இருந்த அந்த மனிதர் எழும்பினார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லாமல் கிடந்த வட்டில் இருந்து தோள், இடுப்பு, கால், உடுப்பின் மடிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக நிழலோடு மேலே வந்தன. பக்கத்தில் ஐந்து புள்ளிகள், மூக்குத்திகள் போல வரிசையாக. எல்சி அக்கா கமராவை எடுக்க மறந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஐயோ, எவ்வளவு வடிவு! நான் இதையெல்லே துடைச்சு எறிஞ்சனான்!" என்று சத்தமாகச் சொன்னார். பிள்ளைகள் எழும்பி ஓடிவந்து மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"வெயிலை மறையாதேங்கோ மக்கள்! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!"

அதற்குப் பிறகு அவர் ஒரு கல்யாண வீட்டில் நிற்கிற எல்சி அக்கா ஆகிவிட்டார். வெயிலை நகர்த்த ஏலாது, அதனால் காசைத் திருப்பினார். "நாடியைக் கொஞ்சம் இஞ்சால திருப்புங்கோ ஐயா. ஆ, அப்பிடித்தான். ஆடாதேங்கோ" என்று காசோடு கதைத்துக் கதைத்து எடுத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐந்து காசு, பத்துப் பக்கம். எட்டரைக்கு, ஒரு விரலும் வைக்காத படங்களை நான் யதுர்சனுக்கு அனுப்பினேன்.

அந்த நேரம் பார்த்துப் பிரதி அதிபர் உள்ளே வந்தார். "என்ன, வோஷருக்குப் படம் புடிச்சு முடிஞ்சுதா?" என்றார். எல்சி அக்கா கமராத் திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார். அவர் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசையோரம் இருந்துவிட்டார்.

ஒன்பதே காலுக்கு யதுர்சனின் செய்தி வந்தது. 'ஐந்தும் உண்மையான காசுகள். பொலன்னறுவை இராசதானிக் காலம். நான்கில் எழுத்துத் தேய்ந்துவிட்டது, பெயர் சொல்ல முடியாது. நாலாவது படத்தில் இருப்பதில் எழுத்து மிச்சம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற உருவம் உள்ள பக்கத்தை இன்னும் கிட்ட எடுங்கள். வெளிச்சம் எதிர்ப்பக்கத்தால் வரட்டும்.'

ஆனால் வெயில் ஏறிவிட்டது. மேசையில் இப்போது சரிவான வெளிச்சம் இல்லை. காசை எந்தப் பக்கம் திருப்பினாலும் சப்பை. எல்சி அக்கா யன்னலையும் காசையும் மாறிமாறிப் பார்த்தார். வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மணி ஒன்பதே முக்கால்.

"வந்துட்டாங்க" என்றார் ஹுஸ்னியா டீச்சர்.

எழும்பியவர் பிரதி அதிபர். "நீங்க வேலையைப் பாருங்க. அவங்களை நான் பார்த்துக்கிறன்" என்று சாரத்தைத் தூக்கிக் கட்டாத குறையாக வெளியே போனார். வந்த உத்தியோகத்தர்கள் இருவரையும் அலுவலக அறையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, தன் வீட்டில் இருந்து வட்டிலப்பம் எடுப்பித்து, பள்ளிக்கூடம் தொடங்கிய வருடத்தில் இருந்து அதன் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

உள்ளே எல்சி அக்கா தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். சீப்பு, பவுடர், கைக்கண்ணாடி. கண்ணாடியை எடுத்து ஹுஸ்னியா டீச்சரின் கையில் வைத்தார். "வெளியில வெயிலுக்குள்ள நிண்டு, வெளிச்சத்தை யன்னலால உள்ளுக்கு அடியுங்கோ. பதிச்சு. இன்னும் பதிச்சு!"

டீச்சர் வெளியே முழங்காலில் நின்று கண்ணாடியைச் சாய்த்தார். சுவரில் ஓடித் திரிந்த ஒரு வெள்ளைத் துண்டு வெளிச்சம், மேசைக்கு இறங்கி, மட்டையில் ஊர்ந்து, காசைத் தொட்டது. எல்சி அக்கா காசின் நாடியை எதிர்ப்பக்கம் திருப்பினார். கைக்குப் பக்கத்தில் இருந்து சுருள் சுருளாக எழுத்து எழும்பியது, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. எங்களில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அது எழுத்து என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு படம் எடுத்தார். நான் உடனே அனுப்பினேன்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வட்டிலப்பமும் சரித்திரமும் முடிந்து உத்தியோகத்தர்கள் வகுப்புக்குள் வந்தார்கள். இருவரும் நல்ல மனிதர்கள். மூத்தவர் காசுகளைக் கையுறை போட்ட கையால் எடுத்துப் பார்த்து, கிண்டினவர்களைப் பாராட்டி, கழுவாமல் வைத்திருந்ததற்கு டீச்சரையும் பாராட்டினார். பேரை எல்லாம் தலைமை அலுவலகத்தில் துப்புரவாக்கித்தான் பார்ப்பார்கள், அதற்கு மாதக்கணக்கு ஆகும் என்றார். படிவத்தை விரித்து, 'பழைய செப்புக் காசுகள், ஐந்து, அடையாளம் காணப்படவில்லை' என்று எழுதினார். ஹுஸ்னியா டீச்சர் பிள்ளைகளின் பக்கம் திரும்பவே இல்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் போன் அடித்தது.

நான் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். யதுர்சன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எழுத்துக் கிடக்கு! வடிவாக் கிடக்கு! நாகரி எழுத்து. ஸ்ரீ, அதுக்குக் கீழ ராஜ, அதுக்குக் கீழ லீலா, அடியில வதி. ஸ்ரீ ராஜ லீலாவதி!"

முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "அது பொம்பிளைட பேரா டீச்சர்?"

ஹுஸ்னியா டீச்சர் திரும்பினார். கண்ணெல்லாம் நீர். ஆனால் குரல் அதிரவில்லை, வகுப்பு எடுக்கிற குரல். "ஓம். பொம்பிளைட பேர். எண்ணூறு வருசத்துக்கு முந்திப் பொலன்னறுவையில இருந்து ஆண்டவ. ஒருதரம் இல்ல, மூணுதரம். சிம்மாசனத்தில இருந்து இறக்க இறக்கத் திரும்ப ஏறினவ. காசில ராணி எண்டு போடல்ல பாருங்க, ராஜ எண்டே போட்டிருக்கா. நான் பேர் சொல்லுவன் எண்டு சொன்னன்தானே? இவட பேர் லீலாவதி."

பிள்ளைகள் ஒருமித்த குரலில், "லீலாவதி!" என்றார்கள். பிறகு கைதட்டினார்கள், மேசையைத் தட்டினார்கள், பக்கத்து வகுப்புகளில் இருந்தும் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். பிரதி அதிபர் தட்டிய தட்டில் ஒரு மேசைக்கால் கழன்றது. யதுர்சன் படத்தைப் பார்த்துக் கடதாசியில் கீறி அனுப்பிய எழுத்தை டீச்சர் கரும்பலகையில் பெரிதாக எழுத, எல்லாரும் கொப்பியில் பார்த்துக் கீறினார்கள். எல்சி அக்கா ஒரு மூலையில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இரண்டும்தான். "ஒரு ராணி தன்ர பேரை எழுதி வைச்சிருக்கிறா. நான் அதைக் கறை எண்டு துடைச்சிட்டன், தினுஷா" என்றார். "இனி என்னை ஆரும் சும்மா திட்டினாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பன்."

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் வாறன்" என்றேன். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மூத்த உத்தியோகத்தர் பூதக்கண்ணாடியை வைத்துக் காசைப் பார்த்தார். யதுர்சனோடு கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு முதலில் எழுதியதை ஒரு கோட்டால் வெட்டி, 'நான்கு அடையாளம் காணப்படவில்லை. ஒன்று லீலாவதி, உட்கார்ந்திருக்கும் உருவத்தின் பக்கத்தில் பெயர் உண்டு, படத்தை இணைத்துள்ளேன்' என்று எழுதினார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு முழுவதையும் போடச் சொல்லி டீச்சர் அடம்பிடிக்க, சிரித்துக்கொண்டே முப்பத்தொரு பேரையும் எழுதினார். அதற்குக் கனநேரம் எடுத்தது. ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

கடைசியில் அவர் தலையை நிமிர்த்தி, "படம் எடுத்தது ஆர்?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் எல்சி அக்காவைப் பார்த்தோம். அவர் தடுமாறிப்போனார். ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் அவருடைய வேலை தொங்குகிறது. எந்தப் படத்திலும் அவர் பெயர் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"எல்சி எண்டு போடுங்கோ" என்று நான் சொன்னேன்.

"இல்லை, பொறுங்கோ" என்றார் அக்கா. சேலையைச் சரிசெய்துகொண்டு மேசைக்குக் கிட்ட வந்து நின்றார். ஒவ்வொரு எழுத்தாக, உத்தியோகத்தரின் பேனா வந்து சேரும்வரை பொறுத்துப் பொறுத்துச் சொன்னார்: "மேரி எல்சி பிலோமினா அந்தோனிப்பிள்ளை."

பதினொரு வருடம் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் அந்த முழுப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.